உரமூட்டை வழிபாடு

கடாரம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு மார்பு விரிகிறது. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் படை கடல் கடந்து வந்து இந்நாட்டைக் கொண்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்த ஒரு போரைப் பற்றி இவ்வளவு பேசத் தெரிந்த நாம், அதே கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில், நம் கண்ணெதிரே நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்குப் போகும் வழியில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், கூருன் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1999-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வாலையில் என்ன செய்கிறார்கள், எதைக் கொண்டு செய்கிறார்கள், அதற்கும் நம் இலையில் விழும் சோற்றுக்கும் நாம் பாடுபட்ட தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்லக்கூடும்?

அது பெட்ரோனாஸ் நிறுவனத்தின் உரத்தொழிற்சாலை. கிழக்கே திரெங்கானுக் கடலின் அடியிலிருந்து எடுக்கப்படும் இயற்கை வாயு, தீபகற்பத்தைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிச் செல்லும் குழாய்கள் வழியாக வருகிறது. அந்த வாயுவைப் பிளந்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அம்மோனியா ஆக்குகிறார்கள். அம்மோனியாவிலிருந்து யூரியா உண்டாகிறது. வெள்ளை வெளேரென்று உப்பைப்போல் இருக்கும் அது மூட்டையாகக் கட்டப்பட்டு வயலுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் போகிறது. பார்வைக்குச் சாதுவான அந்த மூட்டையில் எண்ணெய் நாற்றமில்லை, புகையில்லை, சத்தமில்லை. ஆகவே அதற்குள் நெருப்பு இருக்கிறது என்று ஒருவரும் நினைப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ யூரியா செய்ய ஏறக்குறைய 29 கிலோ அம்மோனியா வேண்டும். நல்ல ஆலையிலும் ஒரு கிலோ அம்மோனியாவுக்கு ஒரு கிலோ நிலக்கரியின் சக்திக்குக் குறையாத வாயு செலவாகிறது. அதன்பின் யூரியாவாக மாற்றும் செலவு வேறு. எல்லாம் சேர்த்தால் ஒரு மூட்டைக்குள் அடங்கியிருக்கும் சக்தி 25 லிட்டர் டீசலுக்குக் குறையாது. இதுவன்றி, ஆலையில் யூரியாவுக்குள் அடைக்கப்பட்ட கரியமில வாயு, மண்ணில் விழுந்து கரைந்தவுடன் வெளியேறி ஆகாயத்தை அடைகிறது. ஆகவே ஒரு தொழிலாளி தோளில் மூட்டையைச் சுமந்து மரவரிசைக்குள் நுழையும்போது, அவன் சுமப்பது பூமிக்கடியிலிருந்து தோண்டிய எரிபொருளையே என்று அறிக.

2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியத்தைச் சர்க்கார் மாற்றியமைத்தது. லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்தது ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசாயிற்று. காப்பிக்கடை முதல் கோவில் வாசல் வரை அதே பேச்சு. லாரியின் கதி என்ன, டிராக்டரின் கதி என்ன என்று அனைவரும் கலங்கினர். கலங்கியது நியாயந்தான். ஆனால் அந்தப் பேச்சில் எங்கேனும் மூட்டையைப் பற்றிய வார்த்தை உண்டா? டிராக்டரின் வயிற்றில் எரிவதே வேளாண்மையில் எரியும் எண்ணெய் முழுவதும் என்று நினைத்துவிட்டோம். சிலாங்கூர் மாநிலம் தஞ்சோங் காராங் நெல்வயல்களை அளந்து 2005-ல் வெளியான ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது? நெல் விளைவிக்கச் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேற்பட்டது உரத்தின் மூலமாகவே போகிறது. உழவுக்கும் அறுப்புக்கும் ஆன எரிபொருள் அதற்கு வெகு பின்னால் நிற்கிறது. ஆகவே எரிபொருளைக் குறைக்க வேண்டும் என்று வாய்கிழியப் பேசுகிறவர்கள் மூட்டையைத் தொடாமல் போவார்களாயின், அவர்கள் வீட்டின் கூரை எரியும்போது அடுப்பை அணைக்கிறவர்கள்.

கெடாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில் வேளாண்மை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிணறும் மோட்டாரும். நீரை மேலே இழுப்பதற்கே மின்சாரம் தின்னும் வயல்கள் அவை. கெடா நெல்வயலின் நிலை வேறு. 1885-ல் மந்திரி வான் முகமது சமான் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் மனிதன் கையால் தோண்டியது. அதன்பின் 1966 முதல் 1970 வரை, உலக வங்கிக் கடனைக் கொண்டு, மூடா அணையும் பெடு அணையும் கட்டப்பட்டு, 90 ஆயிரம் எக்டருக்கு மேற்பட்ட வயலில் ஆண்டுக்கு இருபோகம் விளையலாயிற்று. மலையில் தேங்கிய நீர் பெரும்பாலும் தன் பாரத்தாலேயே இறங்கி வயலுக்கு வருகிறது. அதை இறக்க எண்ணெய் வேண்டாம். நீர் விஷயத்தில் பாதி வெற்றி நமக்கு முன்பே கிடைத்துவிட்டது என்பது பொருள். எஞ்சி நிற்பது மூட்டை, அதற்கடுத்து டிராக்டர். இவ்வளவு சுலபமான இடத்தில் நிற்கும் நாம் ஏன் அடுத்த அடியை எடுத்துவைக்கவில்லை?

காரணம் ஒரு மூடநம்பிக்கை. கோவிலிலும் குறிசொல்லியின் கூடாரத்திலுமே மூடநம்பிக்கை வாழ்கிறது என்று எண்ணுவது தவறு. கோட்டும் சூட்டும் அணிந்து, அட்டவணை போட்டு, மூட்டையின் மேல் முத்திரை குத்திக்கொண்டு வரும் மூடநம்பிக்கையும் உண்டு. அது யாதெனில், மூட்டை ஏற ஏற விளைச்சலும் ஏறும், இலை கறுக்கக் கறுக்கப் பயிர் செழிக்கும் என்பதே. இலை கரும்பச்சையானால் மகிழ்கிறான் உழவன். அளவுக்கு மீறிய தழைச்சத்தினால் பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து காற்றில் சாய்கிறது, குலைநோய்க்கு விருந்தாகிறது, அந்த நோய்க்கு மருந்து அடிக்க மறுபடியும் பணம் போகிறது. நீர் நிற்கும் நெல்வயலில் இடப்படும் நைட்ரஜனில் பயிர் உண்ணுவது பெரும்பாலும் 100-க்கு 30, 40 பங்குதான். மற்றதில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது, எஞ்சியது ஆவியாகப் போகிறது, நீரோடு போகிறது, நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவாகவும் போகிறது. இந்த வாயு பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வலிமை உள்ளது. பகவானுக்குப் படைத்த பொங்கலையாவது பூசாரி உண்கிறான். மூட்டைக்குப் படைத்ததை யாரும் உண்பதில்லை.

இந்த வழிபாட்டை வளர்ப்பவர் யார்? 1979-ஆம் ஆண்டு முதல் நெல் விவசாயிகளுக்குச் சர்க்கார் உரத்தை மானியமாகக் கொடுத்து வருகிறது. ஏழை விவசாயிக்குச் சர்க்கார் உதவுவதை எவரும் குறைசொல்லார்; நாமும் சொல்லோம். ஆனால் உதவி மூட்டை உருவத்தில்தான் வரவேண்டுமா? இந்த வயலின் மண் வேறு, அந்த வயலின் மண் வேறு. அப்படியிருக்க, நிலத்தின் பரப்பை மட்டும் பார்த்து அளந்து கொடுக்கும் உரம், நோயாளி யார் என்று பாராமல் வரிசையில் நின்றவர்க்கெல்லாம் ஒரே மருந்தை ஊற்றும் வைத்தியம் அல்லவா? தோட்டத்தின் கதையைக் கேளுங்கள். உரம் போடுவதற்கு மூட்டைக் கணக்கில் கூலி பேசும் வழக்கம் உள்ள இடத்தில், எத்தனை மூட்டை காலியாயிற்று என்பதே கேள்வி. ஒவ்வொரு மரமும் அதன் பங்கைப் பெற்றதா என்பது கேள்வியே அன்று. வெயிலில் பாரம் சுமப்பவன் சாலையோரத்து மரத்தடியில் இரண்டு பங்கு கொட்டிவிட்டு உள்மரங்களைப் பட்டினி போட்டால் அவனைச் சோம்பேறி என்று ஏசுகிறார்கள். மூட்டையைக் காலி செய்வதற்குத்தான் காசு என்று ஏற்பாடு செய்தவன் யார்? குற்றம் அவன் தலையில் உள்ளதேயன்றித் தொழிலாளி தலையில் இல்லை.

நிற்க. இப்படிச் சொன்னவுடன் மூன்று கட்சியார் எதிரே வருவர்.

முதற்கட்சியார், “உரம் குறைந்தால் சோறு குறையும், நீர் ஜனங்களைப் பட்டினி போடப் பார்க்கிறீர்” என்பர். இவர்களுக்கு நாம் சொல்வது இது: காற்றிலிருந்து உரம் செய்யும் வித்தையை நாம் இகழவில்லை. 1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் அதைச் சாதித்துக் காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். 1913-ல் ஒப்பாவில் முதல் ஆலை எழுந்தது. இன்று உலகில் பல நூறு கோடி மக்களின் வயிறு அதனால் நிறைகிறது. விஞ்ஞானத்தின் மேல் நமக்கு வெறுப்பில்லை. அதை அளவின்றி வாரி இறைக்கும் அஞ்ஞானத்தின் மேல்தான் வெறுப்பு. உரம் குறைந்தால் விளைச்சல் குறைந்தே தீரும் என்பது சரிதானா? சீனாவில் 2005 முதல் 2015 வரை பத்தாண்டுக் காலம், 2 கோடிக்கு மேற்பட்ட சிறு விவசாயிகளிடையே, மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற விதை, நடவு, உரம் ஆகியவற்றைக் கற்பிக்கும் பெருமுயற்சி நடந்தது. முடிவு என்ன? நைட்ரஜன் உரம் 100-க்கு 15 முதல் 18 பங்கு குறைந்தது. விளைச்சலோ 100-க்கு ஏறக்குறைய 11 பங்கு உயர்ந்தது. குறைந்தது வீண்செலவேயன்றிச் சோறு அன்று.

சோற்றைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020-ல் உலகச் சந்தையில் ஒரு டன் யூரியா 250 டாலருக்குக் குறைவாக விற்றது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. முன்பே ஏறிக்கொண்டிருந்த வாயு விலை மேலும் எகிறிற்று. அந்த ஏப்ரலில் யூரியா 900 டாலரைத் தாண்டிற்று. யாரோ எங்கோ செய்த யுத்தத்தினால் பாலிங்கிலும் சிக்கிலும் உள்ள சிறு தோட்டக்காரன் உரம் வாங்க முடியாமல் திகைப்பானேன்? அவனுடைய நிலத்தின் உயிரை வாயுக்குழாயின் முனையில் கட்டிவைத்திருப்பதால்தானே? மூட்டையைக் குறைப்பது பட்டினிக்கு வழியன்று. பட்டினியிலிருந்து தப்பும் வழிகளில் ஒன்று.

இரண்டாங்கட்சியார் இவர்களுக்கு நேர் எதிரானவர். “பழைய காலமே பொற்காலம், இயந்திரமும் வேண்டாம், உரமும் வேண்டாம், எருமையும் மண்வெட்டியும் போதும்” என்பது இவர்கள் பல்லவி. குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பாடுவது சுலபம். இலங்கையில் இந்தப் பாட்டைச் சட்டமாக்கிப் பார்த்தார்கள். 2021-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்கார், போதிய எருவும் போதனையும் இன்றி, ஒரே வீச்சில் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நெல் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் சேதம் நின்றபாடில்லை. 2021-ல் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை 2022-ல் 251 மில்லியன் கிலோவாக இறங்கியதற்கு உரமின்மை முக்கியமான காரணம். அந்தத் தேயிலையைக் கொய்கிறவர் யார்? நம்மைப்போலவே கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததியாரான மலையகத் தமிழ்ப் பெண்கள். கொழுந்து இல்லாத செடியில் எடை எங்கிருந்து வரும்? எடை வராவிட்டால் அரைப்பேர்தான். கொழும்பில் ஒருவர் போட்ட கையெழுத்துக்கு நுவரெலியாவில் ஒருத்தி அரைக்கூலியால் அபராதம் கட்டினாள்.

பழைமையைப் பாடுகிறவர்கள் மற்றோர் உண்மையை மறைக்கிறார்கள். டீசலும் யூரியாவும் வருமுன்னர் கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் எந்த எரிபொருளைக் கொண்டு நடந்தன? தமிழனின் உடம்பைக் கொண்டு நடந்தன. விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பிக் கங்காணி ஓட்டிச் சென்ற ஆணும் பெண்ணுமே அக்காலத்து எண்ணெய். அந்த எண்ணெய் தீர்ந்தால் நாகப்பட்டினத்திலிருந்து இன்னொரு கப்பல் வரும். புகை வராத எரிபொருள் ஆதலால் அதை யாரும் கணக்கெழுதவில்லை. எண்ணெயைக் குறைக்கிறோம் என்று சொல்லி அதன் பாரத்தைத் திரும்பவும் மனித முதுகில் ஏற்றுவார்களானால், அந்தச் சீர்திருத்தம் நமக்கு வேண்டாம். இன்று அந்த முதுகு வங்காளதேசத்தானுடையதாகவும் இந்தோனேசியனுடையதாகவும் இருக்கலாம். நம் பாட்டன் முதுகில் இருந்த தழும்பு அவன் முதுகிலும் விழுவதற்கு நாம் துணைபோகலாமா? மறுபுறம், இயந்திரம் வந்தபோது நடந்ததையும் மறக்கலாகாது. 1970-களின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் மூடா வயலுக்குள் நுழைந்தபோது, அறுப்புக்கூலியை நம்பியிருந்த ஏழை மலாய்க் குடும்பங்கள் எப்படி நடுத்தெருவில் நின்றன என்பதை ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அறிஞர் அவ்வூர்களில் ஒன்றில் தங்கி எழுதியிருக்கிறார். இயந்திரத்தில் பாவமில்லை, அதன் இலாபத்தைப் பங்கிட்ட முறையில்தான் பாவம். ஆகவே எரிபொருளைப் பற்றிப் பேசுகிற எவரையும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுவே: எவ்வளவு மிச்சம்? யாருக்கு மிச்சம்? அந்த மிச்சத்துக்காக வியர்ப்பவன் யார்?

மூன்றாங்கட்சியார் எதிர்ப்பதே இல்லை, தலையாட்டுவார்கள். அலுவலகக் கூரையில் நாலு சூரியத் தகடு பதித்து, மரக்கன்று நட்டுப் படம் பிடித்து, பளபளக்கும் காகிதத்தில் அறிக்கை அச்சிடுவார்கள். கூரையின் மேலுள்ள தகட்டைக் காட்டுகிறவர்கள், கிடங்கிலுள்ள மூட்டைக் கணக்கைக் காட்டுவார்களா? அதைக் காட்டும் நாளில் அவர்களோடு பேசலாம்.

அப்படியானால் வழி என்ன? வழி புதிதன்று. தோட்ட மண்ணின் சரித்திரத்திலேயே இருக்கிறது. ரப்பர் நட்ட ஆரம்பகாலத்துத் துரைமாருக்குத் தரை மொட்டையாக இருக்கவேண்டும். ஒரு புல் தலைகாட்டக் கூடாது. அதற்காகத் தமிழர் மண்வெட்டியால் கொத்திக்கொண்டே இருந்தனர்; கெடா மழை அந்த வெறுந்தரையின் மேல்மண்ணை வாரி ஆற்றில் சேர்த்தது. பின்னர் கொத்துவதற்குப் பதில் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சு வந்தது. 1960-களில் பாராகுவாட் வந்தது. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கழன்றும் கண் எரிந்தும் மூக்கில் இரத்தம் வடிந்தும் அவர்கள் பட்ட பாட்டை 2002-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது தெனாகனித்தா என்னும் அமைப்பு. அதை நடத்தியவர் ஐரீன் பெர்னாண்டஸ். சுங்கை பட்டாணியில், தோட்டப் பாட்டாளிக் குடும்பத்தில் பிறந்தவர். அவ்வாண்டே தடை என்றார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் பாராகுவாட் முற்றும் தடையாயிற்று. ஐரீன் அதைப் பார்க்க உயிரோடில்லை, 2014-லேயே காலமாகிவிட்டார். தரை மொட்டையாக இருக்கவேண்டும் என்ற ஒரு மூடநம்பிக்கைக்காக எத்தனை உடம்புகள்!

ஆனால் 1925-ல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதிகாலத்திலேயே வேறு வழி தெரிந்திருந்தது. அது மூடுபயிர். பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் முதலிய அவரையினத்துக் கொடிகளை இளமரங்களின் நடுவே படரவிடுவது. இக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கூருன் ஆலை செய்யும் அதே வேலையைச் செய்கின்றன. வாயு வேண்டாம், கொதிகலம் வேண்டாம். சூரிய ஒளியில் செடி சமைக்கும் சர்க்கரையே எரிபொருள். நன்றாகப் படர்ந்த மூடுபயிர், முதற்சில ஆண்டுகளில், எக்டருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து இறக்கித் தரும். ஏக்கர்க் கணக்கில் சொன்னால் இரண்டரை மூட்டை யூரியா. டீசல் கணக்கில் சொன்னால் 60 லிட்டருக்கு மேல். அன்றியும் களையை நெருக்கி அடக்குகிறது. மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. நஞ்சுத்தொட்டி சுமக்கும் நாட்களைக் குறைக்கிறது. 1990-களில் கேரள ரப்பர்த் தோட்டங்களின் அனுபவத்தைப் பார்த்து இந்நாட்டுக்கு வந்த முக்குனா பிராக்டியேட்டா என்னும் கொடி, நம்மூர்ப் பூனைக்காலியின் இனம். நிழலையும் வறட்சியையும் இன்னும் நன்றாகத் தாங்குகிறது. பெருந்தோட்டங்கள் மறுநடவின்போது இதைச் செய்கின்றன. சிறு தோட்டக்காரனிடம் பெரும்பாலும் இது போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை? விதை வாங்கவும் முதலாண்டு பராமரிக்கவும் அவனிடம் காசில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மூட்டைக்கு மானியம் கொடுக்கும் கை கொடிக்குக் கொடுக்க நீள்வதில்லை.

மரம் வளர்ந்து நிழல் மூடியபின் கொடி மடியும். அப்போது என்ன செய்வது என்று கேட்கலாம். செம்பனையில் 100 கிலோ குலை ஆலைக்குப் போனால், காய் உதிர்த்தபின் 20 கிலோவுக்கு மேல் வெறுங்குலை மிஞ்சுகிறது. சாம்பல்சத்தும் தழைச்சத்தும் நிறைந்த அதை மரத்தடிக்கே திருப்பிக் கொண்டுவரலாம். ஆலைக் கழிவுநீர் திறந்த குளங்களில் கிடந்து மீத்தேன் என்னும் வாயுவைக் கக்குகிறது. அவ்வாயுவை மூடிப் பிடித்தால் விளக்கெரியும், இயந்திரம் ஓடும். எஞ்சிய நீர் உரமாகும். வெட்டிய ஓலையை வரிசைக்கு நடுவே அடுக்கினால் மண்ணுக்குப் போர்வை. நெல்வயலில் அறுவடை முடிந்தவுடன் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கம் கெடாவில் இன்னும் ஒழியவில்லை. நெற்பயிர் உறிஞ்சிய சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. எரிக்கும்போது தழைச்சத்து முழுவதும் புகையாகப் போகிறது. இழந்ததை மீட்க மறுபடி மூட்டை. ஒரு கையால் எரித்து மறுகையால் விலைக்கு வாங்கும் இந்தப் புத்தியை என்னவென்பது? தமிழ்நாட்டு உழவர் கையில் இன்று இலைவண்ண அட்டை என்றொரு சிறு அட்டை இருக்கிறது. பச்சையின் பல சாயல்கள் அதில் வரிசையாக உள்ளன. பயிரின் இலையை அதோடு ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் மட்டும் யூரியா, இல்லையேல் இல்லை. படிக்காதவரும் பார்க்கலாம், விலையோ சொற்பம். கரும்பச்சை மோகத்துக்கு இதைவிட நல்ல மருந்தில்லை. டிராக்டர் விஷயத்திலும் இப்படியே. அறுவடைக்குமுன் நீரை வடிக்காத சேற்றில் பாரமான இயந்திரத்தை இறக்கி அடிநிலத்தை உடைத்துவிட்டு, பிறகு ஆழச்சேற்றில் புதையும் டிராக்டருக்கு இரட்டிப்பு டீசல் ஊற்றுவது மூடா வயல்களில் கண்கூடு.

ஆகவே நாம் கேட்பது இவை. மானியம் நிற்க வேண்டாம். அதன் உருவம் மாறட்டும். மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவே உரம். மிச்சத்தின் பெறுமானத்தை மூடுபயிர் விதையாகவோ எருவாகவோ பணமாகவோ விவசாயியே பெற்றுக்கொள்ளட்டும். மறுநடவு உதவி பெறும் ஒவ்வொரு சிறு தோட்டத்துக்கும் மூடுபயிர் விதை இலவசமாகட்டும். உரம் போடும் தொழிலாளிக்கு மூட்டைக் கணக்கில் கூலி ஒழிந்து, நாட்கூலியும் பயிற்சியும் வரட்டும். எந்த மரத்துக்கு எவ்வளவு, ஏன் என்பதை அவன் மொழியில், தமிழோ மலாயோ வங்காளமோ, அவனுக்குச் சொல்லட்டும். இதுவரை அந்த அறிவு துரையின் பங்களாவிலும் கிராணியின் பேரேட்டிலும் பூட்டிக் கிடந்தது. மிச்சமான மூட்டையின் இலாபத்தில் ஒரு பங்கு அதை மிச்சம் பிடித்தவன் கைக்கு வரட்டும். கூருன் ஆலையில் வேலை செய்யும் நம் இளைஞர் அஞ்சவேண்டியதில்லை. வாயுவுக்குப் பதில் சூரிய மின்சாரத்தால் நீரைப் பிளந்து அம்மோனியா செய்யும் வழி உலகில் முளைத்துவிட்டது. குறைந்த அளவு உரமாவது அவ்வழியில் வரவேண்டும் என்று முதலில் கேட்கவேண்டியவர்கள் அவர்களே.

“தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம், இனி நமக்கென்ன?” என்று கூலிமிலும் லூனாசிலும் பாடாங் செராயிலும் உள்ள அன்பர் சிலர் கேட்கக்கூடும். சோறு தின்பதை விட்டுவிட்டீர்களா? தோட்டங்களின் ஊடே ஓடிவரும் மூடா ஆற்றின் நீரைப் பினாங்கும் கெடாவும் குடிக்கவில்லையா? உங்களுள் இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் இல்லையா? தோட்டத்து அறிவை நகரத்துக்கு வரும் லாரியிலிருந்து வழியில் இறக்கிவிட்டு வந்தோமென்றால், நம்மைத் தோட்டக்காட்டான் என்று இகழ்ந்தவர்களை நாமே மெய்யாக்கியவர்களாவோம். மண்ணையும் மரத்தையும் மூன்று தலைமுறை தொட்டுப் பழகிய சனம் இந்நாட்டில் பேசத் தகுதியுள்ள சனம்.

1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் நடந்ததை நினையுங்கள். ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. படித்த பெரியவர்கள் வந்து வழிகாட்டும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. உழைத்த கூலியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையே திருப்பி வாங்கிக்கொள்ளும் சூழ்ச்சியைப் பாட்டாளிகள் தாங்களே கண்டுகொண்டு, கடை வாசலில் மறியல் செய்தனர். சர்க்கார் போலீசை ஏவி அடக்கிற்று. ஆயினும், பழக்கம் என்ற பெயரில் தங்கள் கழுத்தில் கட்டப்பட்டிருந்த கயிற்றைத் தாங்களே அவிழ்க்கலாம் என்ற உணர்ச்சியை அடக்க முடிந்ததா?

மூட்டையும் அப்படிப்பட்ட ஒரு பழக்கம். அளவோடு மருந்து; அளவு மீறினால் கள். அளவை அறியும் உரிமை தொழிலாளிக்கும் விவசாயிக்கும் வரவேண்டும். அடுத்தமுறை உங்கள் சங்கக் கூட்டத்தில் கடாரத்தின் பழம்பெருமை பேசி முடிந்தவுடன் ஒருவர் எழுந்து, நம் தோட்டத்தில் சென்ற ஆண்டு எத்தனை மூட்டை போயிற்று, மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, யார் கணக்கு வைத்திருக்கிறார் என்று கேட்கட்டும். விடை வரும்வரை உட்காராதிருக்கட்டும்.